ஷின்னகாக் 2018, சனிக்கிழமை மதியம்: ஒரு மைதானம் எப்படிக் கைமீறிப் போனது

கோல்ஃப் பார்ப்பவர்களிடையே ஒரு சண்டை பல வருடங்களாக ஓயவே இல்லை. பெரிய போட்டிகளுக்கு மைதானத்தைத் தயார் செய்கிறவர்கள் அளவு மீறிப் போகிறார்களா, இல்லை, ஆட்டக்காரர்கள்தான் சொகுசுக்குப் பழகிவிட்டுப் புலம்புகிறார்களா என்பதுதான் சண்டை. பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இதற்கு முடிவே வராது. அதனால் ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் (மேஜர்களில்) ஒன்றான யுஎஸ் ஓபனின் 2018 மூன்றாம் சுற்று, ஜூன் 16, சனிக்கிழமை. இடம், நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் இருக்கும் ஷின்னகாக் ஹில்ஸ். போட்டியை நடத்துவதும் மைதானத்தைத் தயார் செய்வதும் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று மைதானம் கடினமாக இருந்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. காலையில் ஆடியவர்களுக்கு ஒரு மைதானம், மதியம் ஆடியவர்களுக்கு வேறொரு மைதானம் என்று ஆனதுதான் அநியாயம். அதற்குக் காற்றின் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. காற்று சற்று வலுத்தாலே எல்லாம் சரிந்துவிடும் என்ற அளவுக்கு விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது மனிதர்கள்தான்.

அன்று நடந்தது

ஒவ்வொரு ஹோலையும், அதாவது தொடங்கும் இடத்திலிருந்து குழிவரையான ஆட்டத்தை, இத்தனை ஸ்ட்ரோக்கில் (அடியில்) முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். குறைவாக அடிப்பவர்தான் முன்னால் இருப்பார். வெள்ளிக்கிழமை முடிந்தபோது டஸ்டின் ஜான்சன் பாருக்கு 4 கீழே இருந்தார். வேறு ஒருவர்கூடப் பாருக்குக் கீழே இல்லை, நான்கு ஸ்ட்ரோக் முன்னிலை. டேனியல் பெர்கரும் டோனி ஃபினாவும் பாருக்கு 7 மேலே, அதாவது ஜான்சனுக்கு 11 ஸ்ட்ரோக் பின்னால். முதல் இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகான வடிகட்டலைத் (‘கட்’) தாண்டியவர்களில் பின்வரிசைக்காரர்கள் முதலில் கிளம்புவார்கள், முன்னணியில் இருப்பவர்கள் கடைசியில் கிளம்புவார்கள் என்பதால் இந்த இரண்டு பேரும் சனிக்கிழமை காலையிலேயே ஆடப் போய்விட்டார்கள். காற்று வலுக்கவில்லை, கிரீன்களில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதிகளில்) கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தது. இருவரும் ஆளுக்கு 66 அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் மதியம். ஜான்சன் 77. அவரைத் துரத்திக்கொண்டிருந்த சார்லி ஹாஃப்மனும் 77, ஸ்காட் பியர்ஸி 79. டாமி ஃப்ளீட்வுட் 78. ரிக்கி ஃபௌலர், வெள்ளிக்கிழமை 69 அடித்த அதே மனிதர், 84. மாலையில் பட்டியலைப் பார்த்தால் காலையில் இருந்த 11 ஸ்ட்ரோக் இடைவெளியைக் காணோம். ஜான்சன், புரூக்ஸ் கெப்கா, பெர்கர், ஃபினாவ் நான்கு பேரும் பாருக்கு 3 மேலே சமமாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஜோடியாகக் கிளம்பியது பெர்கரும் ஃபினாவும்தான்.

எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி 13-வது கிரீனில் நடந்தது. ஃபில் மிக்கெல்சனுக்கு அன்று 48-வது பிறந்தநாள். அவர் அடித்த பட் (கிரீனில் பந்தை உருட்டிவிடும் அடி) குழியைத் தாண்டிச் சரிவில் உருள ஆரம்பித்தது. அது நிற்கப்போவதில்லை, கிரீனை விட்டே இறங்கிவிடும் என்று தெரிந்ததும் பின்னாலேயே ஓடிப்போய், ஓடிக்கொண்டிருக்கும் பந்தைத் திருப்பிக் குழியை நோக்கி அடித்தார். அன்றைய விதி 14-5-இன்படி இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. அந்த ஹோலில் மொத்தம் 10, சுற்று 81. விதியைத் தெரிந்துதான் அப்படிச் செய்ததாக அன்றே சொன்னார், சில நாட்கள் கழித்து மன்னிப்புக் கேட்டார். அவர் செய்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை; தகுதிநீக்கம் செய்திருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் எல்லோரும் அவருடைய நடத்தையைப் பற்றியே பேசியதில் ஒரு விஷயம் அடியில் போய்விட்டது. உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், பந்தை அப்படியே ஓடவிடுவதைவிடத் தண்டனை வாங்குவது லாபம் என்று கணக்குப் போடும் நிலையில் அந்தக் கிரீன் இருந்திருக்கிறது.

அன்று மாலையே யுஎஸ்ஜிஏ-வின் தலைமை நிர்வாகி மைக் டேவிஸ், மைதானத்தின் சில பகுதிகள் மதியத்தில் அளவுக்கு மீறிக் கடினமாகிவிட்டன என்றும், நன்றாக அடித்த ஷாட்டுகளுக்குப் பலன் கிடைக்காததோடு சில இடங்களில் தண்டனையே கிடைத்தது என்றும் ஒப்புக்கொண்டார். 13, 15 ஆகிய ஹோல்களில் குழி இருந்த இடங்கள்தான் முக்கியமாகப் பேசப்பட்டன. காற்று எதிர்பார்த்ததைவிட வலுவாக வீசியது என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு மேஜர் வென்ற சாக் ஜான்சன் அதற்கு முன்பே, மைதானம் இவர்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்.

இதே இடத்தில், பதினான்கு வருடம் முன்பு

இது முதல் தடவையாக நடந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 2004-லும் யுஎஸ் ஓபன் இதே ஷின்னகாக்கில்தான் நடந்தது. அப்போது சிக்கல் ஞாயிற்றுக்கிழமை, 7-வது ஹோலில். அது 189 கெஜம் நீளமுள்ள பார் 3. ரெடான் என்று சொல்வார்களே, அந்த வகைக் கிரீன்: ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சரிந்து போகும், நேராகக் குழியைப் பார்த்து அடித்தால் நிற்காது, பக்கவாட்டில் இறக்கி உருளவிட வேண்டும். அன்று காலை உருளவிட்டாலும் நிற்கவில்லை. முதலில் போனவர்களுக்கு மிகச் சிறிய பட்கூடக் குழியைத் தாண்டிக் கிரீனை விட்டு ஓடியது. கடைசியில் குழுக்களுக்கு இடையில் அந்தக் கிரீனுக்குத் தண்ணீர் அடித்தார்கள். சுற்று நடந்துகொண்டிருக்கும்போது! முதலில் வந்தவர்களுக்குக் காய்ந்த கிரீன், பின்னால் வந்தவர்களுக்கு நனைந்த கிரீன்.

அன்று ஒருவர்கூடப் பாருக்குக் கீழே அடிக்கவில்லை, சராசரி 78.7. ரெடீஃப் கூசன் 71 அடித்து, மொத்தத்தில் பாருக்கு 4 கீழே முடித்து ஜெயித்தார். 18 கிரீன்களில் 11-இல் ஒரே பட்டில் முடித்தார் என்பதிலிருந்தே அவர் எப்படிப் பிழைத்தார் என்று தெரியும்.

2018-க்கு முன்பு யுஎஸ்ஜிஏ இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதாகத்தான் எல்லோரும் நம்பினோம். ஃபேர்வேக்களை, அதாவது கிரீனுக்குப் போகும் வெட்டிய புல்பாதைகளை, 2004-ஐவிட ஏறக்குறைய 15 கெஜம் அகலமாக, சராசரி 41 கெஜத்துக்கு வைத்திருந்தார்கள். கிரீனின் இறுக்கத்தையும் மண்ணின் ஈரத்தையும் அளக்கக் கருவிகள் வந்துவிட்டன. 2004-இல் இல்லாத அளவுக்குத் தகவல் கையில் இருந்தது. பிறகும் அதே மைதானத்தில் அதே மாதிரி விழுந்தார்கள் என்றால் குறை தகவலில் இல்லை.

பந்து ஏன் நிற்கவில்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "கடினம்", "அநியாயம்" என்ற சண்டைக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிரீன் எவ்வளவு வேகம் என்பதை ஸ்டிம்ப்மீட்டரால் அளக்கிறார்கள். மூன்றடி நீள அலுமினியக் கம்பி, நடுவில் வி வடிவப் பள்ளம், 30 அங்குலத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டில் பந்தை வைத்துக் கம்பியின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கினால், சுமார் 20 டிகிரி வந்ததும் பந்து தானே உருண்டு இறங்கும். சமதளமான இடத்தில் அது எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுதான் ஸ்டிம்ப் எண். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் ஓக்மாண்ட் யுஎஸ் ஓபனைப் பார்த்துவிட்டுச் செய்த கருவி. யுஎஸ்ஜிஏ எழுபதுகளில் அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு அமெரிக்கா முழுக்க அளந்தபோது சராசரி ஆறரை அடியை ஒட்டித்தான் வந்தது. இப்போது பெரிய போட்டிகளில் 12, 13, ஓக்மாண்ட் மாதிரி இடத்தில் 14-கூடச் சாதாரணம்.

10-க்கும் 13-க்கும் மூன்றடிதானே வித்தியாசம் என்று தோன்றும். சமதளத்தில் மூன்றடிதான். சரிவில் கதையே வேறு. கம்பியை விட்டு இறங்கும்போது பந்தின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1.83 மீட்டர், அதை வைத்து, பந்து வழுக்காமல் உருள்கிறது என்று எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பௌதிகம் போட்டுப் பார்த்தேன். 3 சதவீதச் சரிவில் கீழ்நோக்கி அடித்தால் ஸ்டிம்ப் 10 கிரீனில் பந்து சமதளத்தில் ஓடுவதைப்போல் 1.6 மடங்கு ஓடும், ஸ்டிம்ப் 13-இல் 2 மடங்கு. பரவாயில்லை, சமாளிக்கலாம். 4 சதவீதம் ஆக்குங்கள்: 10-இல் 2 மடங்கு, 13-இல் 3 மடங்கு. 5 சதவீதம்: 10-இல் 3 மடங்குக்குக் கொஞ்சம் கீழே, 13-இல் 6 மடங்கை நெருங்குகிறது. 6 சதவீதத்தில் ஸ்டிம்ப் 13 கிரீனில் பந்து நிற்பதே இல்லை, கிரீன் முடியும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஸ்டிம்ப் 10-இல் அதே நிலை வர ஏறக்குறைய 8 சதவீதச் சரிவு வேண்டும்.

ஆக, கடினம் ஒரே சீராக ஏறுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் செங்குத்தாக எகிறிவிடுகிறது. அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை திறமைக்கு வேலை உண்டு: குழிக்குக் கீழே பந்தை நிறுத்தத் தெரிந்தவன் பிழைப்பான், மேலே விட்டவன் மாட்டுவான். அந்தப் பக்கம் போய்விட்டால் நல்ல ஷாட்டும் மோசமான ஷாட்டும் ஒரே இடத்தில் போய்த்தான் விழும், கிரீனுக்குக் கீழே. யார் எப்படி அடித்தார்கள் என்பதை ஸ்கோரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

வெயிலும் காற்றும் சேர்ந்தால் ஒரு கிரீன் சில மணி நேரத்திலேயே இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். புல்லின் இலையில் இருக்கும் ஈரம் போய்விடுகிறது, மேற்பரப்பு இறுகுகிறது, பந்தைப் பிடித்து நிறுத்தும் உராய்வு குறைகிறது. போதாததற்குக் காற்றே உருளும் பந்தைத் தள்ளுகிறது. குழிகளை வெட்டுவதோ அதிகாலையில். அங்கே நின்று பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். 66 அடிக்கக்கூடிய மைதானம்தான் அது, இரண்டு பேர் அடித்தும் காட்டினார்கள். பிற்பகலில் அதே குழி, வேறு உராய்வு, வேறு காற்று. சுற்று தொடங்கிவிட்டால் குழியின் இடத்தைச் சாதாரணமாக மாற்ற வழியில்லை, எல்லோருக்கும் அதே குழிதான். அதனால் அதிகாலையில் எடுத்த முடிவு மாலைவரை தாங்க வேண்டும்.

அப்படியானால் கோட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றிருக்க வேண்டும், இல்லையா? கிரீனைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், அல்லது 13, 15 இரண்டிலும் குழியைச் சற்றுத் தட்டையான இடத்தில் வெட்டலாம். ஒன்றைச் செய்திருந்தால்கூடப் போதும். ஏன் செய்யவில்லை?

விளிம்புக்குப் போகும் ஆசை

யுஎஸ் ஓபன் என்றால் பார் அடிப்பதே சாதனையாக இருக்க வேண்டும் என்பது ஒரு பழைய பெருமை. 1974-இல் விங்டு ஃபுட்டில் ஹேல் இர்வின் பாருக்கு 7 மேலே அடித்து ஜெயித்தார், அந்தப் போட்டிக்குப் படுகொலை என்றே பெயர் நின்றுவிட்டது. 2006-இல் அதே இடத்தில் ஜெஃப் ஓகில்வி, 2007-இல் ஓக்மாண்டில் ஆங்கெல் கப்ரேரா, இருவரும் பாருக்கு 5 மேலே. இப்படி இருந்த போட்டியில் 2017-இல் எரின் ஹில்ஸில் கெப்கா பாருக்கு 16 கீழே அடித்து ஜெயித்தார். ஜஸ்டின் தாமஸ் ஒரே சுற்றில் பாருக்கு 9 கீழே போனார். யுஎஸ் ஓபன் தன் அடையாளத்தை இழந்துவிட்டது என்று அந்த ஒரு வருடம் முழுக்கப் பேச்சு. அடுத்த வருடமே ஷின்னகாக். அந்தப் பேச்சு அதிகாலையில் குழி வெட்டுகிறவர்கள் காதிலும் விழுந்திருக்கும் என்பது என் ஊகம்தான், ஆனால் அதை விட்டுவிட்டு எனக்கு இந்த நாளைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

இன்னொரு காரணம் நிஜமானது. 1980-இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் டிரைவரின் (முதல் அடிக்கான நீள மட்டையின்) சராசரி தூரம் 260 கெஜத்துக்கும் கீழே, இப்போது 300-ஐத் தொட்டு நிற்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய மைதானங்களை அந்த அளவுக்கு நீட்ட நிலம் கிடையாது. டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) பயமுறுத்த முடியாமல் போனபோது, தயாரிப்பாளர்கள் கையில் மிச்சம் இருந்தவை ரஃபின் (ஃபேர்வேக்கு வெளியே வளரவிட்ட புல்லின்) உயரம், கிரீனின் வேகம், குழியின் இடம் மூன்றுதான். இதில் ரஃப் கண்ணுக்குத் தெரியும். 2025 ஓக்மாண்டில் ரஃப் ஐந்து அங்குலம், ஜே. ஜே. ஸ்பான் ஒருவர் மட்டுமே பாருக்குக் கீழே, அதுவும் 1 மட்டும். ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள்தான். ஆனால் அந்த ரஃப் காலை ஏழு மணிக்கும் ஐந்து அங்குலம், மாலை ஐந்து மணிக்கும் ஐந்து அங்குலம். அதில் பந்தைப் போட்டால் என்ன ஆகும் என்று அடிக்கும் முன்பே தெரியும். அதைக் கொடூரம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

எதிர்த்தரப்பில் இருக்கும் நியாயம்

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை.

முதலாவது கெப்கா. அவரும் சனிக்கிழமை தாமதமாகத்தான் கிளம்பினார், அதே காய்ந்த கிரீன், அதே காற்று, 72 அடித்தார். ஜஸ்டின் ரோஸ் 73. ஆகவே அன்று மதியம் ஆடவே முடியாது என்பது உண்மை இல்லை. கடைசியில் கெப்கா பாருக்கு 1 மேலே முடித்து மறுபடி ஜெயித்தார், அந்த வாரத்தின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சரியான ஆள் ஜெயித்துவிட்டார் என்பதற்காகத் தயாரிப்பு சரி என்று ஆகிவிடாது. அவருடைய 72-ஐயும் காலையில் வந்த 66-ஐயும் ஒரே தராசில் வைத்து 66-தான் ஆறு ஸ்ட்ரோக் சிறந்தது என்று எழுதிக்கொண்டார்களே, தப்பு அங்கேதான். அந்த நாளின் மிகச் சிறந்த ஆட்டம் கெப்காவின் 72 என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டியல் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாவது, கோல்ஃபில் காலை மாலை வித்தியாசம் எப்போதும் இருப்பதுதானே, வெட்டவெளியில் ஆடும் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் ஒரு பகுதி என்பது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அதே வாரத்தின் வியாழக்கிழமையைப் பாருங்கள். அன்றும் காற்று பலமாக வீசியது. 156 பேர் ஆடியதில் நான்கே நான்கு பேர் பாருக்குக் கீழே, நான்கு பேரும் 69. டைகர் வுட்ஸ் 78, ஜோர்டன் ஸ்பீத் 78, ரோரி மெக்கில்ராய் 80. எண்களைப் பார்த்தால் சனிக்கிழமைக்குக் குறைந்த நாள் இல்லை. ஆனாலும் மைதானம் கைமீறிப் போய்விட்டது என்ற குற்றச்சாட்டு அன்று பெரிதாக எழவில்லை, காரணம் காற்று கஷ்டப்படுத்தினாலும் கிரீன் பந்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. தப்பு செய்தவர்களுக்குத் தாங்கள் தப்பு செய்தோம் என்று தெரிந்தது. இந்த ஆட்டக்காரர்கள் கடினம் என்றாலே அழுகிறவர்கள் என்று சொல்கிறவர்கள் வியாழனுக்கும் சனிக்கும் இருக்கும் வித்தியாசத்தை விளக்கிவிட்டுச் சொல்லட்டும்.

இதனாலேயே "இப்போதெல்லாம் மைதானங்கள் அநியாயத்துக்குக் கடினமாகிவிட்டன" என்ற பொதுப் புகாரில் எனக்கு உடன்பாடு இல்லை. 2019-இல் பெபிள் பீச்சில் கேரி வுட்லண்ட் பாருக்கு 13 கீழே அடித்து ஜெயித்தார். ஸ்கோர்கள் எல்லா வருடமும் ஏறிக்கொண்டே போகவில்லை. மாறியிருப்பது ஒன்றுதான்: கிரீன்கள் வேகமாகிவிட்டதால் தப்பாகக் கணிக்க இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஸ்டிம்ப் 8 காலத்தில் காற்றைத் தப்பாகக் கணித்திருந்தால் சராசரி இரண்டு ஸ்ட்ரோக் ஏறும், அவ்வளவுதான். ஸ்டிம்ப் 13 காலத்தில் அதே தப்புக்கு மைதானமே போய்விடுகிறது. 1998-இல் ஒலிம்பிக் கிளப்பின் 18-வது கிரீனில் குழியைத் தாண்டிச் சரிவில் இறங்கிக்கொண்டே போன பெய்ன் ஸ்டூவர்ட்டின் பந்தும், 1999-இல் பைன்ஹர்ஸ்டில் ஓடும் பந்தையே அடித்த ஜான் டேலியும் இதே வரிசைதான்.

ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பிறகும்

சனிக்கிழமை இரவு கிரீன்களுக்குத் தாராளமாகத் தண்ணீர் விட்டார்கள், குழிகளை மென்மையான இடங்களுக்கு மாற்றினார்கள். முந்தைய நாள் 78 அடித்த ஃப்ளீட்வுட் 63 அடித்தார், கடைசிப் பட் விழுந்திருந்தால் 62. முந்தைய நாள் 84 அடித்த ஃபௌலர் 65. ஒரே ஆள், ஒரே மைதானம், ஒரு ராத்திரி இடைவெளி, 19 ஸ்ட்ரோக் வித்தியாசம்! இதைவிடத் தெளிவாக ஒரு வாக்குமூலம் இருக்க முடியாது. ஆனால் ஞாயிறு மென்மையானதால் சனிக்கிழமை இழந்தவர்களுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. மென்மையான மைதானம் எல்லோருக்கும் மென்மைதான். ஜான்சனின் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலை போனது போனதுதான். அவர் 70 அடித்து மூன்றாவதாக வந்தார்.

கடலோர லிங்க்ஸ் மைதானங்களில் பிரிட்டிஷ் ஓபனை நடத்தும் ஆர் அண்ட் ஏ, காற்று வரும் என்று தெரிந்தே கிரீன்களை மெதுவாக வைக்கும். அவர்களும் தப்பு செய்கிறார்கள்: 2015 செயின்ட் ஆண்ட்ரூஸில் சனிக்கிழமை காலை ஆட்டத்தை ஆரம்பித்து 32 நிமிடத்தில் நிறுத்த வேண்டி வந்தது, நின்ற பந்தே காற்றில் நகர்ந்தது, போட்டி திங்கட்கிழமைவரை இழுத்தது. அந்த 32 நிமிடத்தில் மாட்டியவர்களுக்கு அது அநியாயம்தான். ஆனால் நிறுத்தினார்கள், மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

2019-லிருந்து யுஎஸ் ஓபன் தயாரிப்பு டேவிஸிடமிருந்து ஜான் போடன்ஹேமரிடம் போனது. அதன் பிறகு ஷின்னகாக் சனிக்கிழமை மாதிரி ஒன்று நடக்கவில்லை, அதற்கு அவருக்குப் பாராட்டு உண்டு. எனக்கு இன்னும் ஒரு கோரிக்கை மிச்சம் இருக்கிறது. குழிகளின் இடத்தைத் தினமும் வெளியிடுகிறார்கள், அதோடு அதிகாலையில் எந்தக் காற்று வேகத்தை வைத்து முடிவெடுத்தார்கள், ஒவ்வொரு கிரீனின் ஸ்டிம்ப் எண்ணும் ஈரமும் எவ்வளவு, குழியைச் சுற்றிச் சரிவு எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்து வெளியிடட்டும். கடைசி ஜோடி 13-வது கிரீனுக்கு வந்து சேரும் நேரத்தில் மறுபடி அளந்து, அந்த எண்களையும் பக்கத்திலேயே போடட்டும்.